மேல்காது குத்துவது யார் வழக்கம்?

சிங்கம்புணரியில் பிளஸ் டூ படிக்கிற பெண் ஒருத்தி மேல்காதில் ஒரு வளையம் வேண்டுமென்று கேட்டு, அம்மாவும் சரியென்று கூட்டிப்போய்க் குத்திவிட்டு வந்தால், உறவில் யாராவது ஒருவர் "நம்ம பக்கம் இதெல்லாம் வழக்கமில்லையே" என்று சொல்லாமல் போகமாட்டார். அந்தப் பேச்சு பெண்ணைவிடத் தாயைத்தான் குறிவைக்கிறது. பிள்ளை கேட்டால் அதட்டி உட்காரவைக்க வேண்டியவள் துணைக்குப் போகலாமா என்பதே அதன் உட்கிடை. வழக்கம் என்று சொன்னபிறகு வரலாற்றைக் கேட்காமல் முடியாது. கேட்டால், இந்த வட்டாரத்துக் காதுகளின் வரலாறு அந்த உறவினருக்குச் சாதகமாக இல்லை. கீழ்மடலில் ஒரே துளை, அதில் ஒரு தோடு அல்லது கம்மல் என்பது கிராமத்துப் பெண்களின் பொது வழக்கமாகி நூறு ஆண்டுகூட முழுதாக ஆகவில்லை. அதற்கு மூத்தது மேல்காது. அதைவிட மூத்தது, பிள்ளையின் காது குத்தப்படும்போது பெற்றவர்கள் கூட இருந்து முன்னின்று நடத்துவது. இப்போது புதிதாக நடந்திருப்பது ஒன்றுதான்: கேட்டது பிள்ளை.

பழைய சான்றுகளிலிருந்து தொடங்கலாம். பொருநராற்றுப்படை ஒரு பாடினியின் காதை, மயிர் குறைக்கிற கத்தரிக்கோலின் கைப்பிடி வளையத்தோடு ஒப்பிடுகிறது. விரல் நுழையும் அந்த வளையத்தை நினைத்துப் பார்த்தால், புலவர் பார்த்த காது எவ்வளவு பெரிய துளையுள்ள காது என்பது விளங்கும். அதில் குழை ஊசலாடியது. காது அந்தப் பாரத்தைத் தாங்கியது. சிலப்பதிகாரத்தில் கோவலன் பிரிந்திருக்கும் நாளில் கண்ணகியின் துயரத்தை இளங்கோ சொல்லும்போது, குழையைக் கழற்றிவிட்டதால் வடிந்து தொங்கிய அவள் காதையும் சொல்கிறார். குழை இல்லாத வேளையில் தொங்குகிற காது என்றால் அது வளர்த்த காது. பெண்களோடு இது நின்றதாகவும் கொள்ள முடியாது. பெரியாழ்வார் திருமொழியில் யசோதை கண்ணனைக் காது குத்தக் கூப்பிடும் ஒரு பதிகமே இருக்கிறது. பிள்ளை வலிக்கும் என்று ஓடுகிறது; தாய் தின்பண்டம் காட்டி அழைக்கிறாள்; அதுவும் போதாதபோது, சேரியில் மற்றப் பிள்ளைகளெல்லாம் காதைப் பெருக்கிக்கொண்டு திரிவதைப் பார்க்கவில்லையா என்று கேட்கிறாள். ஆயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட அந்தப் பாட்டில் தாய் சொல்லும் காரணங்களில் ஒன்று ஊர்ப் பிள்ளைகளின் மோஸ்தர் என்பதைக் கவனிக்க வேண்டும். சோழர் காலச் செப்புத் திருமேனிகளில் நடராசரின் ஒரு காதில் மகரக்குழையும் மறு காதில் தோடும் இருக்கும். இரண்டு காதும் ஒரே மாதிரி இருந்தே தீரவேண்டும் என்ற எண்ணம்கூட நமக்குப் பின்னால் வந்ததுதான்.

இந்த வட்டாரத்துக்கே உரிய சான்று 19ஆம் நூற்றாண்டில் எழுத்தில் கிடைக்கிறது. சிவகங்கைச் சீமை அப்போது மதுரை மாவட்டத்துக்குள் இருந்தது. அந்த மாவட்டத்துக்கு 1868இல் கையேடு எழுதிய ஜே. எச். நெல்சன், சிங்கம்புணரியிலிருந்து கொட்டாம்பட்டி வழியாகப் போனால் வருகிற கள்ளர் நாட்டைப் பற்றி எழுதும்போது, அங்கே ஆணும் பெண்ணும் காது மடலை முடிந்த மட்டும் நீட்டி வளர்ப்பதைக் குறிப்பிட்டு, அதை விகாரம் என்று முகம் சுளிக்கிறார். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் 1906இல் வெளியிட்ட நூலில் தென் மாவட்டங்களின் காது வளர்ப்பைத் தனியாக விவரிக்கிறார். அவர்களுடைய முகச்சுளிப்பை ஒதுக்கிவிட்டுத் தகவலை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். குழந்தை பிறந்து சில நாளிலேயே மடலில் கத்தியால் கீறித் துளையிடுவார்கள். பல ஊர்களில் குறவர் சமூகத்தினர் வந்து இந்த வேலையைச் செய்தார்கள். துளையில் பஞ்சுத்திரியை எண்ணெயில் நனைத்துச் செருகி, சில நாளுக்கு ஒருமுறை திரியைத் தடிமனாக்கிக்கொண்டே போவார்கள். புண் ஆறியதும் குணுக்கு என்கிற ஈய வளையம் ஏறும். ஒன்று இரண்டாகும், இரண்டு மூன்றாகும். ஈயத்தின் பாரம் மடலை இழுத்து இழுத்து, பெண் வயசுக்கு வருவதற்குள் காது தோளை எட்டிப் பார்க்கும். வீக்கமும் சீழும் வராத குழந்தை அபூர்வம். எண்ணெய் போட்டு, கழுவி, இரவில் காது மடங்காமல் பார்த்துக்கொண்டவர்கள் தாயும் அப்பத்தாவும்தான். பெற்றவர்களின் ஆதரவு என்று இன்று சொல்வதைவிடப் பல மடங்கு உழைப்பு அது.

வளர்ந்த காதில் பாம்படமும் தண்டட்டியும் தொங்கின. பாம்படம் பார்வைக்குக் கெட்டித் தங்கம்போலத் தெரியும். உண்மையில் மெல்லிய பொன் தகட்டை உருண்டையும் சதுரமும் முக்கோணமுமாக மடித்து உள்ளே அரக்கு நிரப்பிய வேலை அது. பாரத்தைக் குறைத்துப் பருமனைக் கூட்டத் தெரிந்த ஆசாரிகள் கண்டெடுத்த வடிவம். நம் பக்கத்து நகைகளில் இதற்கு இணையாக இன்னொன்றைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் பாம்படத்தின் கவர்ச்சியில் நாம் மறந்துபோனது அதற்கு மேலே இருந்த காதை. கொப்பு, முருகு, குருட்டுத்தட்டு, ஒன்னப்புத்தட்டு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி இடம் இருந்தது. மேல் விளிம்பின் குருத்தெலும்பைத் துளைத்துத்தான் இவற்றில் பலவற்றைப் போட்டார்கள். தங்கம் வாங்க வழியில்லாதவர்கள் துளை தூர்ந்துவிடாமல் வேப்பங்குச்சியைச் செருகி வைத்தார்கள். இன்று நகைக்கடைப் பையன் ஹீலிக்ஸ் என்று சொல்லிக் காட்டும் இடம் பாட்டிக்குக் கொப்புப் போடும் இடம். கேரளத்துச் சிரியன் கிறித்தவப் பெண்கள் அதே மேல்காதில் மேக்காமோதிரம் போட்டார்கள். ஆகவே இது ஒரு மதத்தின் வழக்கமும் இல்லை. பெரிய துளையின் நினைவு இன்னொரு இடத்திலும் மிச்சமிருக்கிறது. ஆடிப் பதினெட்டுக்கு ஆற்றிலும் குளத்திலும் காதோலை கருகமணி விடுகிறோமே, அந்தக் காதோலை, சுருட்டிய பனையோலையாக ஒருகாலத்தில் பெண்களின் காதுத் துளைக்குள் விரிந்து உட்கார்ந்த அணி. இன்றைய ஒற்றைத் துளையில் அதை நுழைக்கவே முடியாது.

இவ்வளவு வேரோடிய வழக்கம் எப்படி இரண்டு மூன்று தலைமுறைக்குள் மாறியது? தர்ஸ்டன் பதிந்த ஒரு செய்தி இங்கே முக்கியமானது. முன்பு வளர்க்காத குட்டைக் காது தேவதாசிகளின் அடையாளமாகக் கருதப்பட்டது; குடும்பப் பெண்ணைப் பார்த்துக் குட்டைக் காது என்று சொன்னால் அது வசவு. அவர் எழுதும் காலத்திலேயே நிலைமை தலைகீழாகத் தொடங்கிவிட்டது. திருநெல்வேலிப் பக்கம் கிறித்தவ மிஷனரிகள் காது வளர்ப்பதை எதிர்த்தார்கள். பள்ளிக்கூடம் போன பெண்கள் வளர்ந்த காதோடு போகக் கூசினார்கள். பிறகு சுயமரியாதை மேடைகள் நகைச்சுமையையே கேள்வி கேட்டன. பாம்படத்தைப் பறிக்கிற திருடன் மடலையும் சேர்த்துக் கிழித்துக்கொண்டு போன கதைகள் ஒவ்வொரு ஊரிலும் உண்டு. 1963இல் வந்த தங்கக் கட்டுப்பாடு, புது நகை 14 காரட்டைத் தாண்டக்கூடாது என்றபோது ஆசாரிகள் பலர் பட்டறையை மூடினார்கள். வளர்த்த காதை அறுத்துத் தைத்துக்கொள்வது ஆஸ்பத்திரிகளில் வாடிக்கையான வேலையானது. பட்டணத்து மாப்பிள்ளை வீட்டார் கேட்கிறார்கள் என்பதற்காகத் தைத்துக்கொண்ட பெண்கள் எத்தனையோ பேர். குட்டைக் காதுக்கு ஒரு காலம் வசவு என்றால், தொங்குகாதுக்கு மறுகாலம் கேலி. நல்ல குடும்பத்துக் காது எது என்பதை இரண்டு முறையும் வேறு யாரோதான் தீர்மானித்தார்கள். 2023இல் ராம் சங்கையா இயக்கிய 'தண்டட்டி' படம் வந்தபோது, அந்த அணி படத்தின் பெயராகிற அளவுக்குப் பழம்பொருளாகிவிட்டது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். குழந்தையின் காதைக் கீறி ஈயம் தொங்கவிட்ட கொடுமையிலிருந்து பெண்களை மீட்க இவ்வளவு பாடுபட்ட பிறகு, மறுபடியும் துளைபோடுவது பின்னே போவதாகாதா? சீர்திருத்தம் செய்தது நல்ல காரியம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அது எதிர்த்தது எதை என்று பார்க்க வேண்டும். மறுக்க வாயில்லாத கைக்குழந்தைக்கு, வாழ்நாள் முழுவதும் மாற்ற முடியாத ஒன்றைச் செய்ததுதான் அங்கே குற்றம். வாய் திறந்து கேட்கத் தெரிந்த பதினாறு வயதுப் பெண், வேண்டாமென்றால் கழற்றிவிட்டுத் தூரவிடக்கூடிய சிறு துளையைக் கேட்பது அதற்கு நேர் எதிரானது. உண்மையாகவே சம்மதத்தைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள், பதினோராம் மாதத்தில் மொட்டை போட்டுத் தாய்மாமன் மடியில் அழ அழக் குத்துகிறோமே, அதைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும். காசு சேரவில்லை, மாமன் சீர் செய்யும் நிலையில் இல்லை என்று தள்ளிப்போட்ட காதணி விழாக்களை மதுரை, சிவகங்கைப் பக்கத்தில் பிள்ளை மீசை அரும்பும் வயதில்கூட நடத்துகிறார்கள். மண்டபம் பிடித்து, ஃப்ளெக்ஸ் வைத்து, மொய் எழுதி, வளர்ந்த பையனை மாமன் பக்கத்தில் உட்காரவைத்துக் குத்துகிறார்கள். அய்யனார் சந்நிதியிலோ கல்யாண மண்டபத்திலோ பதின்வயதில் காது குத்துவது இந்த ஊருக்கு அதிர்ச்சி தரக்கூடியதாக இருந்திருந்தால் அந்தப் பந்தியில் யாரும் சாப்பிட்டிருக்க முடியாது.

இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது. பாட்டியின் கொப்பு சேமிப்பு, சீதனம், இன்ன ஊர் இன்ன குடி என்று சொல்லும் அடையாளம்; பேத்தியின் வளையம் எங்கிருந்தோ வந்த நாகரிகம்; இரண்டையும் ஒன்றென்று எப்படிச் சொல்லலாம்? ஒன்றென்று நான் சொல்லவில்லை. பாட்டியின் காது குடும்பத்தின் கையிருப்பாக இருந்தது. பஞ்சம் வந்தால் அடகுக்கடைக்குப் போகும், நல்ல காலத்தில் திரும்பி வரும். பேத்தியின் வளையத்துக்கு அந்த வேலை இல்லை. ஆனால் அணி என்றால் பொருளாதாரம் மட்டுமே என்பது பழங்காலத்தின் மேல் நாம் ஏற்றுகிற கணக்கு. யசோதை மற்றப் பிள்ளைகளைக் காட்டி அழைத்ததை மறந்துவிடக் கூடாது. அழகும் அக்கம்பக்கமும் எப்போதும் அந்தத் துளைக்குள் இருந்தன. எங்கிருந்தோ வந்தது என்பதும் பாதி உண்மைதான். லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்தில் 1970களில் ஜிம் வார்ட் தொடங்கிய காண்ட்லட் என்ற கடையிலிருந்து மேலைநாட்டில் உடல் துளையிடல் ஒரு தொழிலாக வளர்ந்தது. அந்த வட்டத்தினர் இந்தியா முதலிய நாடுகளின் பழைய வழக்கங்களைப் படங்களிலும் மானிடவியல் நூல்களிலும் பார்த்துத் தங்கள் முன்னோடியாகச் சொல்லிக்கொண்டார்கள். கிழவிகளின் காதை நாம் அறுத்துத் தைத்துக்கொண்டிருந்த அதே காலத்தில் அங்கே காதை நீட்டக் கற்றுக்கொண்டார்கள். அங்கிருந்து சுற்றி வந்ததால் மேல்காது அந்நியமாகிவிடாது.

மூன்றாவதாக ஒரு கூட்டம் ஆதரவுக் கரம் நீட்டுகிறது. அதை ஏற்கக்கூடாது என்பது என் எண்ணம். காது குத்தினால் கண்பார்வை தெளியும், மூளை சுறுசுறுப்பாகும், மேல்காதில் நரம்பு இருப்பதால் தலைவலி தீரும் என்று சொல்லிப் பழைய வழக்கத்துக்கு அறிவியல் சாயம் பூசுகிறார்கள். இவற்றுக்கு நம்பத்தக்க மருத்துவச் சான்று கிடையாது. அழகுக்காக என்று சொல்வதில் வெட்கப்பட எதுவுமில்லாதபோது பொய்க் காரணம் எதற்கு? அந்தப் பொய்க்கு ஆபத்தான பக்கமும் உண்டு. நரம்புக்கு நல்லது என்று நம்பிப் போகிறவர்கள் மேல்காதும் கீழ்மடலும் ஒன்றுபோல ஆறும் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

பெற்றவர்கள் பயப்படுவதற்கு உண்மையான காரணம் அங்கேதான் இருக்கிறது. கீழ்மடல் சதை, இரத்த ஓட்டம் உண்டு, ஆறிலிருந்து எட்டு வாரத்தில் ஆறிவிடும். மேல்காதில் இருப்பது குருத்தெலும்பு. அதற்குத் தனி இரத்த ஓட்டம் இல்லாததால் ஆற ஆறு மாதமும் ஆகலாம், ஒரு வருடமும் ஆகலாம். சூடோமோனாஸ் வகைக் கிருமி புகுந்து சீழ் பிடித்தால் குருத்தெலும்பு கரைந்து காதின் வடிவமே சுருங்கிப்போகும். கடைகளில் சட்டென்று அழுத்தும் துப்பாக்கி கீழ்மடலுக்கென்று வந்த கருவி. குருத்தெலும்பில் அது நசுக்கிவிடுகிறது, அதை முழுமையாகக் கிருமிநீக்கம் செய்வதும் கடினம். ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஊசியால், கையுறை போட்டுக் குத்துகிற தேர்ந்தவரிடம் போக வேண்டும். காயம் பட்டால் தழும்பு கட்டியாக வளர்கிற உடம்புவாகு வீட்டில் யாருக்காவது உண்டா என்று பார்க்க வேண்டும். பதினாறு வயதுப் பெண் தனியாகப் போனால் இவற்றை விசாரித்துவிட்டு உட்காருவாள் என்று எதிர்பார்க்க முடியாது. ஒளித்துவைத்துத் தோழி வீட்டில் குத்திக்கொண்டவள் வீக்கம் வந்தாலும் தலைமுடியால் மூடிக்கொள்வாள். காய்ச்சல் வரும்வரை வீட்டுக்குத் தெரியாது. அமெரிக்காவின் பல மாநிலங்களில் பதினெட்டு வயதுக்குட்பட்டவருக்குப் பெற்றோர் ஒப்புதல் இல்லாமல் குத்தக்கூடாது என்று சட்டம் போட்டதற்குப் பின்னால் இந்த அனுபவம்தான் இருக்கிறது. அங்கே சட்டம் கேட்கிற துணையை இங்கே அப்பத்தாக்கள் சட்டமில்லாமலே கொடுத்தார்கள்: காலையும் மாலையும் கழுவினார்கள், குத்திய பக்கம் சாய்ந்து படுக்கவிடவில்லை, துளை சிவந்தால் அன்றைக்கே பார்த்தார்கள். அவர்கள் கையில் எண்ணெயும் மஞ்சளும் இருந்தன. இன்றைய தாயின் கையில் உப்புநீரும், தேவைப்பட்டால் போக ஒரு டாக்டரும் உண்டு.