பண்ணை இல்ல ஒலிபரப்பு

பண்ணை இல்ல ஒலிபரப்பு என்பது அகில இந்திய வானொலியின் (ஆகாசவாணி) மாநில மொழி நிலையங்கள் உழவர்களுக்காகவும் அவர்களது குடும்பத்தினருக்காகவும் ஒலிபரப்பும் நிகழ்ச்சிகளைக் குறிக்கும். பயிர்த்தொழில், வீட்டுத்தோட்டம், கால்நடை வளர்ப்பு, வானிலை, சந்தை நிலவரம், ஊட்டச்சத்து ஆகியவை இதன் முதன்மைப் பொருள்கள் ஆகும். வேளாண் ஆய்வு நிலையங்களின் முடிவுகளை எளிய பேச்சுத்தமிழில் ஊருக்குக் கொண்டுசேர்த்தது இதன் முக்கிய பங்களிப்பாகும்.

வரலாறு

சென்னை வானொலி நிலையம் 1938ஆம் ஆண்டிலும் திருச்சிராப்பள்ளி நிலையம் 1939ஆம் ஆண்டிலும் தொடங்கப்பட்டன. 1956இல் யுனெசுக்கோவின் துணையுடன் புனே வட்டாரச் சிற்றூர்களில் "வானொலி ஊரக மன்றம்" என்னும் சோதனை முயற்சி நடத்தப்பட்டது. ஊர்மக்கள் ஒன்றாக அமர்ந்து நிகழ்ச்சியைக் கேட்டனர். பின் அதைப்பற்றிக் கலந்து பேசி, தங்கள் ஐயங்களை நிலையத்துக்கு எழுதி அனுப்பினர். இம்முறை 1959இல் நாடு முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது.

உணவுப் பற்றாக்குறை கடுமையாக இருந்த 1966ஆம் ஆண்டில், தீவிர வேளாண்மைத் திட்டம் நடைபெற்ற பகுதிகளுக்கென வானொலி நிலையங்களில் தனிப் பண்ணை இல்லப் பிரிவுகள் தொடங்கப்பட்டன. தஞ்சை மாவட்டத்தை உள்ளடக்கிய திருச்சிராப்பள்ளி நிலையமும் அவற்றுள் ஒன்று.

வானொலி நெல்

ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய ஏ.டி.டி. 27 என்னும் நெல் வகை, சப்பானிய நெல்லையும் இந்திய நெல்லையும் கலந்து பெறப்பட்டது. குறுகிய காலத்தில் விளையும் இந்நெல் குறுவைப் பருவத்துக்கு ஏற்றது. 1960களின் நடுப்பகுதியில் திருச்சி வானொலி இதன் சாகுபடி முறையைத் தொடர்ந்து விளக்கி வந்தது. வானொலி வழியே அறிமுகமானதால் தஞ்சை உழவர்கள் இதனை "வானொலி நெல்" என்றே அழைத்தனர். ஆய்வு நிலையத்தின் எண் பெயரை ஊர்மக்கள் தமக்குத் தெரிந்த பெயரால் மாற்றிக்கொண்டது, அந்த ஒலிபரப்பு எந்த அளவுக்குக் கேட்கப்பட்டது என்பதற்குச் சான்றாகும்.

நிகழ்ச்சி அமைப்பு

* வானிலை அறிவிப்பும் சந்தை விலை நிலவரமும்
* வேளாண் அலுவலர்கள், முன்னோடி உழவர்கள் ஆகியோரின் நேர்காணல்கள்
* நேயர் கடிதங்களுக்குப் பதில்
* நாடகம், உரையாடல், நாட்டுப்புறப் பாடல்
* வீட்டுத்தோட்டம், சமையல், குழந்தை நலம் முதலிய இல்லப் பகுதி
* பண்ணைப் பள்ளி: ஒரு பொருளைப் பல வாரங்கள் பாடமாக நடத்துவது. நேயர்கள் பெயரைப் பதிவு செய்துகொண்டு, இறுதியில் வினாக்களுக்கு விடை அனுப்புவர்.

கரிசல் நிலத்தில்

திருநெல்வேலி வானொலி நிலையம் 1963இலும் மதுரை நிலையம் 1987இலும் தொடங்கப்பட்டன. விருதுநகர் மாவட்டத்தின் ஏழாயிரம்பண்ணை, சாத்தூர், வெம்பக்கோட்டை முதலிய ஊர்கள் இவ்விரு நகரங்களுக்கும் இடைப்பட்ட மானாவாரிக் கரிசல் பகுதியில் உள்ளன. ஆற்றுப்பாசனமுள்ள தஞ்சைக்குக் கூறும் அறிவுரை இங்கு பெரும்பாலும் பொருந்தாது. பருத்தி, சோளம், கம்பு, பயறு வகைகள் ஆகியவை வடகிழக்குப் பருவமழையையே நம்பியுள்ளன. விதைப்பு சில நாட்கள் தவறினாலும் ஓராண்டு வருவாய் இழப்பாகிவிடும். எனவே வட்டார நிலையங்கள் இப்பகுதிக்குத் தேவைப்பட்டன.

அண்மையிலுள்ள கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் 1901இல் தொடங்கப்பட்டது. மானாவாரிப் பயிர்களுக்குப் பெயர் பெற்றது. மழைக்கு முன்பே விதைக்கும் முன்பருவ விதைப்பும், விதையைக் கடினப்படுத்துதலும் இந்நிலத்துக்கு ஏற்ற முறைகள். சான்றாக, சோள விதையை 2 விழுக்காடு பொட்டாசியம் டை ஐதரசன் பாசுபேட்டுக் கரைசலில் 6 மணி நேரம் ஊறவைத்து நிழலில் உலர்த்தினால், முளைத்த பயிர் வறட்சியைத் தாங்கும்.

இவ்வட்டாரத்தில் மழை அறிவிப்பு உழவர்களுக்கு மட்டும் உரியதன்று. பட்டாசு, தீப்பெட்டித் தொழில்களில் பொருள்களை வெயிலில் உலர்த்த வேண்டியிருப்பதால், உழவர் எதிர்பார்க்கும் மழை ஆலைத் தொழிலாளர்க்கு வேலையிழப்பாக அமைகிறது.

தென்கச்சி கோ. சுவாமிநாதன்

வேளாண் பட்டதாரியான தென்கச்சி கோ. சுவாமிநாதன் (1946–2009) திருநெல்வேலி நிலையத்தில் உழவர் நிகழ்ச்சிகளில் பணியாற்றியவர். பின்னர் சென்னை நிலையத்தில் அவர் வழங்கிய "இன்று ஒரு தகவல்" தமிழகமெங்கும் புகழ் பெற்றது. தாம் படித்த செய்திகளையும் கதைகளையும் சில நிமிடங்களில் கூறி, நகைச்சுவையுடன் முடிப்பது அவரது வழக்கம். அவ்வுரைகள் பல தொகுதிகளாக நூல் வடிவம் பெற்றன.

பிற்கால நிலை

2004இல் "கிசான் வாணி" என்னும் உழவர் நிகழ்ச்சி பல நிலையங்களில் தொடங்கப்பட்டது. தொலைக்காட்சியும் கைப்பேசியும் பரவியபின் வானொலிப்பெட்டியின் பயன்பாடு குறைந்தது. எனினும் வட்டார நிலையங்களின் ஒலிபரப்பைப் பிரசார் பாரதியின் கைப்பேசிச் செயலி வழியாகவும் கேட்க இயலும்.

இவற்றையும் பார்க்கவும்

* பசுமைப் புரட்சி
* மானாவாரி வேளாண்மை
* சமூக வானொலி