மறக்கும் சர்வரும் அடையாளச் சீட்டும்

தேர்வு விண்ணப்பத்தை இணையத்தில் மூன்று பக்கங்கள் நிரப்பிவிட்டீர்கள். நான்காம் பக்கத்தில், "மீண்டும் உள்நுழைக" என்கிறது கணிப்பொறி. நிரப்பியவை எங்கே போயின? இதற்கு விடை காண வலையின் வரலாற்றைச் சற்றுப் பார்க்க வேண்டும்.

ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ 1989-இல் வலைக்கான திட்டத்தை முன்வைத்தார். அவர் வகுத்த எச்.டி.டி.பி. நெறிமுறையில் ஒவ்வொரு வேண்டுகோளும் தனித்தனியானது. கேட்ட பக்கத்தை அனுப்பியதும் சர்வர் கேட்டவரை மறந்துவிடும். ஆய்வுக் கட்டுரைகளைப் படிக்க இது போதும்; வாணிபத்துக்குப் போதாது.

1994-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் லூ மொன்டுல்லி 'குக்கி' என்னும் முறையைக் கண்டார். சர்வர் தரும் சிறு சீட்டை நம் உலாவி ஒவ்வொரு முறையும் திருப்பிக் காட்டும். பின்னர் வந்த ஜாவா வலைப் பயன்பாடுகள் இச்சீட்டில் ஓர் அடையாள எண்ணை மட்டும் எழுதின. விவரங்கள் சர்வரின் நினைவகத்தில் இருந்தன. இவ்விவரத் தொகுப்பையே 'செஷன்' என்கிறோம்.

பயனர்கள் பெருகவே, பல சர்வர்களை இணைத்துக் 'கிளஸ்டர்' அமைத்தனர். சிக்கலும் பிறந்தது. முதல் சர்வர் தந்த சீட்டை மூன்றாம் சர்வரிடம் காட்டினால் என்ன ஆகும்? சீட்டு சரிதான், பொருள் அங்கே இல்லை!

ஒருவரை எப்போதும் ஒரே சர்வருக்கு அனுப்புவது முதல் தீர்வு. அந்தச் சர்வர் பழுதானால் விவரங்களும் போய்விடும். பிரதி எடுத்து வைப்பது இரண்டாம் தீர்வு. 1999-இல் வெளியான ஜாவா சர்வ்லெட் 2.2 விதிமுறை இதற்கு வழி வகுத்தது: பல சர்வர்களில் இயங்கும் பயன்பாட்டின் செஷனில் வைக்கும் பொருள்கள், பைட்டுகளின் வரிசையாக மாற்றி அனுப்பத்தக்கனவாக இருக்க வேண்டும். ஆனால் பத்து சர்வர்களும் ஒன்றுக்கொன்று பிரதி வைத்தால், ஒவ்வொரு மாற்றத்தையும் ஒன்பது இடங்களுக்கு அனுப்ப நேரும். பொதுக் களஞ்சியம் ஒன்றில் வைப்பது மூன்றாம் தீர்வு. 2009-இல் வந்த ரெடிஸ் இதற்குப் பெரிதும் பயன்படுகிறது. களஞ்சியமே பழுதானால்? அதற்கும் பிரதி தேவை!

ஆற்றல் அழிவதில்லை, வடிவம் மாறுகிறது என்று இயற்பியலில் படிக்கிறோம். நினைவின் சுமையும் ஏறக்குறைய அப்படித்தான். இடம் மாறுகிறதே தவிர மறைவதில்லை. ஆகவே நிரல் எழுதும் மாணவர்கள் செஷனில் இன்றியமையாதவற்றை மட்டுமே வைக்க வேண்டும். நிரப்பிய ஒவ்வொரு பக்கத்தையும் உடனுக்குடன் தரவுத்தளத்தில் சேமித்துவிட்டால், மீண்டும் உள்நுழைய நேர்ந்தாலும் விண்ணப்பதாரரின் உழைப்பு வீணாகாது.