மருத்துவரின் குறிப்பிலிருந்து 30 மில்லிகிராம் வரை

1951 மே 29 இரவு ஒன்பதரை மணியளவில் பம்பாயில் ஒரு ஜீப் மூவர்மீது மோதியது. அதை ஓட்டியவர் அப்பகுதியின் வட்டாரப் போக்குவரத்து அலுவலராகப் பொறுப்பு வகித்தவர். காவலர்கள் அவரைச் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றனர். மூச்சில் மது வாடை வீசியது; கண்கள் சிவந்திருந்தன; கண்மணிகள் ஓரளவு விரிந்திருந்தன. ஆயினும் அவர் தொடர்ச்சியாகப் பேசினார். நேர்க்கோட்டில் நடந்தும் காட்டினார். ஏதோ ஒரு வடிவில் ஆல்கஹால் உட்கொண்டிருக்கிறார், எனினும் அதன் பிடியில் இருப்பதாகத் தெரியவில்லை என்று மருத்துவர் குறித்தார்.

அன்றைய மருத்துவருக்கு இருந்த கருவிகள் மூக்கும் கண்ணும் மட்டுமே. சட்டமும் அவற்றைத்தான் எதிர்பார்த்தது. 1939ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், வாகனத்தைச் சரிவரக் கட்டுப்படுத்த இயலாத அளவுக்குப் போதையில் இருப்பதையே குற்றம் என்றது. அளவு எதையும் எண்ணால் சொல்லவில்லை. நேராக நடந்தவரை அந்த வரையறைக்குள் கொண்டுவருவது எளிதன்று. ஆனால் பம்பாயில் 1949ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் நடப்பில் இருந்தது. அதற்கு நடை நேரா கோணலா என்பது பொருட்டில்லை, குடித்ததே குற்றம். எனவே கவனமின்றி வாகனம் ஓட்டிய குற்றச்சாட்டோடு மதுவிலக்குக் குற்றமும் சேர்ந்தது. இந்தியாவில் குடிபோதை ஓட்டுநர்களுக்கான சாட்சியச் சட்டம் சாலைப் பாதுகாப்பைவிட மதுவிலக்கின் நிழலில்தான் முதலில் வளர்ந்தது என்பது பலரும் கவனிக்கத் தவறும் செய்தி.

எதிர்வாதம் எளிமையானது: தான் குடித்தது மதுவல்ல, பி.ஜி. பாஸ் என்ற ஆல்கஹால் கலந்த மருந்து என்றார் அலுவலர். விபத்துக்கு நான்கு நாள் முன்னர், மே 25 அன்று, பால்சரா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியிருந்தது. மதுவிலக்குச் சட்டத்தின் பெரும்பகுதி செல்லும், ஆனால் ஆல்கஹால் கலந்த மருந்துகளையும் ஒப்பனைப் பொருட்களையும் உட்கொள்வதைத் தடுக்கும் பகுதி செல்லாது என்பதே அதன் சாரம். வாடைக்குக் காரணம் மருந்தா மதுவா? அதை மெய்ப்பிக்க வேண்டியவர் யார்? மாஜிஸ்திரேட் விடுவித்தார், உயர் நீதிமன்றம் தண்டித்தது. உச்ச நீதிமன்றத்தில் முதலில் கேட்ட மூன்று நீதிபதிகளிடையே கருத்தொற்றுமை ஏற்படவில்லை. (அவர்களுள் ஒருவர் டி.எல். வெங்கடராம ஐயர்; கர்நாடக இசை உலகம் சங்கீத கலாநிதியாக அறிந்த அதே மனிதர்.) பின்னர் மெஹர் சந்த் மகாஜன் தலைமையிலான ஐவர் அமர்வு ஆராய்ந்தது. தடைசெய்யப்பட்ட மதுவே அருந்தப்பட்டது என்பதை மெய்ப்பிக்கும் சுமை அரசுத் தரப்பினுடையது என்று 1954இல் பெரும்பான்மையினர் கூறினர். அலுவலர் விடுதலையானார்.

பெசிகாகா வழக்கு என்ற பெயரில் அரசமைப்புச் சட்ட வகுப்புகளில் இது இன்றும் படிக்கப்படுகிறது. அடிப்படை உரிமைகளைக் குடிமகன் விட்டுக்கொடுக்க முடியாது என்ற மகாஜனின் கருத்துக்காகவே பெரும்பாலும் நினைவுகூரப்படுகிறது. ஜீப்பில் அடிபட்ட மூவர் அந்தப் பாடங்களில் முதல் வரியோடு மறைந்துவிடுகின்றனர்.

பம்பாய் அரசின் பதில் 1959இல் வந்தது. இரத்தத்தில் 0.05 விழுக்காட்டுக்குக் குறையாமல் ஆல்கஹால் இருந்தால், அது மருந்தால் வந்தது என்று காட்டும் சுமை குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு மாறியது. மூக்கின் இடத்தில் ஊசி வந்தது. இரத்தம் எடுக்கும் முறைக்கும் தனி விதிகள் உருவாயின: தோலைத் துடைக்க ஸ்பிரிட் பயன்படுத்தலாகாது, குப்பியில் இரத்தம் உறையாமலும் கெடாமலும் காக்கும் பொருட்கள் இருக்க வேண்டும், குப்பிக்கு முத்திரையிட வேண்டும். எதிர்வாதமும் உடனே இடம் மாறியது. மருந்தைப் பற்றிப் பேசிய வழக்கறிஞர்கள் இனி முத்திரையையும் குப்பியையும் பற்றிக் கேட்கலாயினர். உடலிலிருந்து சான்று பெறுவது ஒருவரைத் தனக்கெதிராகச் சாட்சி சொல்ல வைப்பதாகாதா என்ற வினாவும் இருந்தது. கைரேகையும் கையெழுத்து மாதிரியும் சாட்சியம் ஆகா என்று 1961இல் காத்தி காலு ஓகட் வழக்கில் பதினொரு நீதிபதிகள் அமர்வு கூறியபின் அவ்வாதம் வலுவிழந்தது.

1971இல் மகாராஷ்டிர வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் இதன் மறுபக்கத்தைக் காட்டியது. அங்கே வாடை, தள்ளாடிய நடை, விரிந்த கண்மணி, குழறிய பேச்சு எல்லாம் இருந்தன. இரத்தச் சோதனையோ சிறுநீர்ச் சோதனையோ இல்லை. அறிகுறிகள் மட்டும் போதா என்று நீதிமன்றம் கூறியது. 1951இல் நேராக நடந்தவரும் விடுதலை, இங்கே தள்ளாடியவரும் விடுதலை. மருத்துவரின் கண் தன் தனியதிகாரத்தை இழந்ததற்கு இவ்விரு வழக்குகளையும் அடுத்தடுத்து வைத்துப் படிப்பதே போதும்.

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் முதலில் மதுவிலக்கின் குரலிலேயே பேசியது: இரத்தத்தில் எவ்வளவு சிறிதளவு ஆல்கஹால் இருந்தாலும் குற்றம். 1994ஆம் ஆண்டுத் திருத்தமே 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராம் என்ற வரம்பை 185ஆம் பிரிவில் கொண்டுவந்தது. ஆனால் அந்த வாசகத்தில் ஒரு விந்தை: இரத்தத்தின் அளவு பிரெத் அனலைசர் மூலம் கண்டறியப்பட வேண்டும் என்றது சட்டம். கருவி அளப்பதோ மூச்சை. இரத்தத்துக்கும் மூச்சுக்கும் 2100க்கு 1 என்ற சராசரி விகிதத்தைக் கொண்டே இரத்த அளவு கணக்கிடப்படுகிறது. அது ஆளுக்கு ஆள் வேறுபடும். வரம்பை ஒட்டிய எண்களில் எதிர்வாதம் பற்றிக்கொள்ளும் கொழுகொம்பு இதுவே. மருத்துவமனையில் எடுத்த இரத்தத்தின் முடிவை வைத்து வழக்குத் தொடுத்தபோது, சட்டம் சொல்லும் சோதனை அதுவன்று என்ற வாதமும் எழுந்தது. படுகாயமுற்று மயங்கிக் கிடக்கும் ஓட்டுநரைக் கருவியில் ஊதச் சொல்வது எங்ஙனம்? 2019ஆம் ஆண்டுத் திருத்தம் ஆய்வகச் சோதனை உள்ளிட்ட பிற சோதனைகளையும் சேர்த்து அந்த இடைவெளியை அடைத்தது; முதற்குற்றத்துக்கான அபராதத்தையும் 2000 ரூபாயிலிருந்து 10,000 ரூபாயாக உயர்த்தியது.

கைதானவரை இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவச் சோதனைக்கு உட்படுத்த வேண்டும், தவறினால் காவலிலிருந்து விடுவிக்க வேண்டும் என்னும் 202ஆம் பிரிவு மட்டும் பெரிய விவாதமின்றி நிற்கிறது. அது குடிமகனைக் காக்கும் விதி. உடலில் ஆல்கஹால் நேரத்தோடு கரைவதால், சான்றைக் காக்கும் விதியும் அதுவே.