விளக்கும் விசிறியும்

சித்திரை வெயில் மொட்டை மாடிக்குக் கீழே குடியிருப்பவர்களுக்கு மட்டுமே விரோதி என்று வெகு காலம் எண்ணிக்கொண்டிருந்தேன். சென்ற கோடையில் என் தங்கையின் மகன் ஒரு சனிக்கிழமை மத்தியானம் வியர்க்க விறுவிறுக்க வந்து, "மாமா! என் கம்ப்யூட்டருக்கும் வெயில் தாங்கவில்லை" என்று சொன்னபோதுதான் அந்த விரோதம் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று தெரிந்தது.

பையன் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறான். விளையாடுவதற்கென்று பாகம் பாகமாக அவன் வாங்கிச் சேர்த்த யந்திரம் அது. ஆனால் விளையாட்டுப் பாதி நேரம்தான். மீதி நேரத்தில் கலியாண வீட்டு வீடியோக்களை அதே யந்திரத்தில் வெட்டி ஒட்டிக் கொடுத்து, பஸ் செலவுக்கும் பரீட்சைக் கட்டணத்துக்கும் தாயாரிடம் கை நீட்டாமல் இருந்து வருகிறான். கோடை பிறந்ததிலிருந்து யந்திரம் பாதி வேலையில் சோர்ந்துபோகிறது. சில இரவுகளில் தானாகவே அணைந்தும் விடுகிறது. மாலை மாற்றும் வரையில் வந்த கலியாணம் தாலி கட்டுவதற்குள் நின்றுபோனால் யார் பணம் கொடுப்பார்கள்? ஆகவே ஒரு கூலர் வாங்க வேண்டும். கையிருப்பு 2,000 ரூபாய். அந்தப் பணத்துக்குள் அதில் வர்ண விளக்கும் எரிய வேண்டுமாம்!

"விளக்கு எதற்கடா?" என்று கேட்டேன்.

"பார்க்க நன்றாக இருக்குமே, மாமா!"

இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்சம் கோபமும் வந்தது என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கதை எழுதுகிறவனுக்கு ஒரு கெட்ட வழக்கம் உண்டு. எந்தச் சாமானை வாங்கப் போனாலும் முதலில் அதன் பூர்வோத்தரத்தை விசாரிப்பான். ஒரு வார காலம் அவ்விதம் விசாரித்துப் பார்த்த பிறகு என் சிரிப்பும் அடங்கியது, கோபமும் அடங்கியது. ஏனெனில், பையன் கேட்ட இரண்டு பொருள்களும், அதாவது விசிறியும் விளக்கும், கம்ப்யூட்டர் பிறந்த அன்றே அதனுடன் கூடப் பிறந்தவை!

1946-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம். அமெரிக்காவில் பிலடெல்பியா நகரம். அங்கே பென்சில்வேனியா சர்வகலாசாலையில் ஒரு பெரிய அறை. அந்த அறையின் மூன்று சுவர்களை ஒட்டி 'எனியாக்' என்னும் ராட்சத யந்திரம் நின்றது. அதை அமைத்தவர்கள் ஜான் மாக்லி, பிரெஸ்பர் எக்கர்ட் என்ற இருவர். பழைய ரேடியோப் பெட்டிகளுக்குள் சிவந்து ஒளிருமே, அந்த வால்வுகள் அதில் சுமார் 18,000 இருந்தன. எடை ஏறக்குறைய 30 டன். அது குடித்த மின்சாரம் சுமார் 150 கிலோவாட். ஓர் அறையில் 150 இஸ்திரிப் பெட்டிகளை ஒரே சமயத்தில் சூடேற்றினால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்! மின்சாரமாக உள்ளே போவது அத்தனையும் உஷ்ணமாக வெளியே வந்துதான் தீர வேண்டும். இது இயற்கையின் கணக்கு. இதில் தள்ளுபடி கிடையாது. ஆகவே பெரிய ஊது விசிறிகளை வைத்து அந்த யந்திரத்துக்குள் ஓயாமல் காற்றைச் செலுத்தினார்கள். இன்று 2,000 ரூபாய்க்குள் நாம் தேடும் அதே காற்றுத்தான் அன்று எனியாக்கையும் காப்பாற்றியது.

விளக்கின் கதை இன்னும் ரஸமானது. பத்திரிகைக்காரர்களை அழைத்து யந்திரத்தைக் காட்டுவதென்று தீர்மானமாயிற்று. ஆனால் யந்திரம் கணக்குப் போடுவதை எப்படிக் காட்டுவது? மனிதனாவது நெற்றியைச் சுருக்குவான், விரலை மடக்குவான். எனியாக்கில் சின்னஞ்சிறு நியான் விளக்குகள் மினுக்கியதுதான் அடையாளம். அதுவும் தள்ளி நின்று பார்ப்பவர் கண்ணுக்குச் சரியாகப் படாது. உடனே ஒரு யுக்தி செய்தார்கள். பிங்பாங் பந்துகளை இரண்டு பாதியாக அறுத்து, எண்களை எழுதி, விளக்குகளின் மேல் கவிழ்த்து வைத்தார்கள். அவ்வளவுதான்! சுவர் முழுவதும் எண்கள் ஒளி வீசித் தாண்டவமாடின. பீரங்கிக் குண்டு இலக்கைச் சென்று அடைய 30 விநாடி ஆகும் என்றால், அதன் பாதையை எனியாக் 20 விநாடியில் கணக்கிட்டுச் சொல்லிவிட்டது. வந்தவர்கள் பிரமித்துப் போனார்கள். கம்ப்யூட்டர் என்றால் விளக்குகள் மினுக்க வேண்டும் என்ற எண்ணம் ஜனங்களின் மனத்தில் குடியேறியதற்கு அந்தப் பாதிப் பந்துகள் ஒரு முக்கிய காரணம்.

ஆனால் அந்த வெளிச்சத்தில் ஒரு விஷயம் மறைந்து போயிற்று. குண்டின் பாதையைக் கணக்கிடும் வித்தையை யந்திரத்துக்குக் கற்பித்தவர்கள் ஜீன் ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர் என்ற இரண்டு இளம் பெண்கள். கேத்லீன் மெக்நல்டி, மார்லின் வெஸ்காஃப், ஃபிரான்சிஸ் பைலஸ், ரூத் லிக்டர்மன் ஆகியோரையும் சேர்த்தால் மொத்தம் ஆறு பேர். கம்பிகளை இடம் மாற்றிச் செருகியும் பொத்தான்களைத் திருப்பி வைத்தும் அந்த ராட்சதனை வேலை வாங்கிய இவர்களுக்கு, வெற்றியைக் கொண்டாடிய விருந்துக்கு அழைப்பு இல்லை! 1980-களில் கேத்தி கிளைமன் என்ற மாணவி பழைய புகைப்படங்களைப் பார்த்துவிட்டு, யந்திரத்தின் அருகே நிற்கும் இந்தப் பெண்கள் யார் என்று விசாரித்தாள். குளிர்சாதனப் பெட்டி விளம்பரத்தில் பெட்டிக்குப் பக்கத்தில் அழகுக்காக நிறுத்துவார்களே, அப்படி நிறுத்தப்பட்டவர்கள் என்று அவளுக்குப் பதில் கிடைத்தது. 1997-இல்தான் அந்த ஆறு பேருக்கும் தொழில் நுட்பத் துறைப் பெண்மணிகளின் கௌரவ வரிசையில் இடம் கிடைத்தது.

பந்துகள் ஒளிர்ந்ததில் தவறு இல்லை. பந்துகளை மட்டுமே பார்த்துவிட்டுப் போனதுதான் தவறு. நேயர்கள் இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கடைத்தெருவுக்குப் போகும்போது உதவும்.

பிறகு யந்திரங்கள் சிறுத்தன. உஷ்ணம் மட்டும் சிறுக்க மறுத்தது. பணம் படைத்தவர்கள் ராஜ வைத்தியம் செய்தார்கள். ஸீமோர் கிரே என்ற மேதை 1985-இல் வெளிவந்த தமது 'கிரே-2' யந்திரத்தின் உள்ளுறுப்புகளை, மின்சாரம் கடத்தாத ஒரு திரவத்திலேயே முழுக வைத்துவிட்டார். வேறு சிலர் விசிறியையே வெறுத்தார்கள். ஸ்டீவ் ஜாப்ஸுக்கு விசிறியின் இரைச்சல் ஆகாது. 1980-இல் அவருடைய ஆப்பிள் கம்பெனி 'ஆப்பிள்-3' என்ற கம்ப்யூட்டரை விசிறியே இல்லாமல் வெளியிட்டது. அலுமினியக் கூடே உஷ்ணத்தைக் கடத்திவிடும் என்று நம்பினார்கள். நடந்தது வேறு. உள்ளேயிருந்த சில்லுகள் தம் ஆசனங்களைவிட்டு எழும்பத் தொடங்கின. பெட்டியை இரண்டு மூன்று அங்குலம் தூக்கி மேஜைமேல் 'தொப்'பென்று போடுங்கள் என்பதே வாங்கியவர்களுக்குச் சொல்லப்பட்ட வைத்தியம்! அழகுக்கும் அமைதிக்கும் ஆசைப்பட்டு மூச்சுக்குழலை அடைத்த கதை அது.

1981-இல் ஐ.பி.எம். கம்பெனி வெளியிட்ட பெர்ஸனல் கம்ப்யூட்டரில் பிராசஸரின் தலைமேல் ஒன்றுமே கிடையாது. 1993-இல் பெண்டியம் வந்தது. அது சுமார் 15 வாட் உஷ்ணத்தைக் கக்கியதால் அதன் தலையில் உலோகச் செதில்களையும் ஒரு குட்டி விசிறியையும் ஏற்ற வேண்டியதாயிற்று. 1998-இல் மற்றொரு வேடிக்கை நடந்தது. இண்டல் கம்பெனியின் மலிவுச் சரக்கான 'செலரான் 300ஏ' என்ற பிராசஸரை, 300 மெகாஹெர்ட்ஸுக்குப் பதிலாக 450-இல் ஓட்டலாம் என்று வாலிபர்கள் கண்டுபிடித்தார்கள். குறைந்த விலைக்கு அதிக வேகம்! ஆனால் வேகம் கூடினால் சூடும் கூடும் அல்லவா? நல்ல கூலரைத் தேடி அலையும் சாமானியர்களின் கூட்டம் இப்படித்தான் பெருகிற்று.

2004-இல் பெண்டியம்-4 பிராசஸர்கள் 100 வாட்டையும் தாண்டின. 4 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஒன்று வருகிறது என்று இண்டல் வாக்குக் கொடுத்திருந்தது. அது முடியவில்லை. அவ்வருஷம் அக்டோபரில் அக்கம்பெனியின் தலைவர் கிரெய்க் பாரெட், ஒரு மகாநாட்டு மேடையில் வேடிக்கையாக மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டார். உலகத்தின் மிகப் பெரிய சில்லுக் கம்பெனியும் வேகத்தை மேலும் கூட்டுவதை விட்டு, ஒரு பிராசஸருக்குள் இரண்டு மூளைகளை வைக்கும் வழிக்குத் திரும்பிற்று. அவர் மண்டியிட்டது சபையோர் முன்னால். ஆனால் உண்மையில் உஷ்ணத்தின் முன்னால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இத்தகைய சத்துருவை இன்று சில ஆயிரம் ரூபாய்க் கூலர் சமாளிக்கிறதென்றால், அந்தப் பெருமை செம்புக் குழாய் ஒன்றைச் சேர்ந்தது. கடைக்காரர்கள் அதை 'ஹீட் பைப்' என்பார்கள். ஜெனரல் மோட்டார்ஸைச் சேர்ந்த ரிச்சர்ட் காக்லர் என்பவர் 1944-இலேயே இதற்குக் காப்புரிமை பெற்றார், எவரும் கவனிக்கவில்லை. 1963-இல் லாஸ் அலமோஸ் ஆராய்ச்சி நிலையத்தில் ஜார்ஜ் குரோவர் தாமாகவே அதைத் திரும்பக் கண்டுபிடித்து, பெயரும் வைத்தார். காற்றை வெளியேற்றி மூடிய குழாய்க்குள் கொஞ்சம் தண்ணீர். உட்புறச் சுவரில் நுண்ணிய திரி போன்ற அமைப்பு. சூடான முனையில் தண்ணீர் ஆவியாகி மறு முனைக்கு ஓடும். அங்கே விசிறிக் காற்றில் குளிர்ந்து மீண்டும் நீராகும். அகல் விளக்கின் திரி எண்ணெயை இழுப்பதுபோல அந்தச் சுவர் நீரை மறுபடி சூட்டிடம் இழுத்து வரும். மோட்டார் இல்லை, சத்தம் இல்லை, சம்பளம் இல்லை. இராப் பகலாக நடக்கிறது இந்த ஊழியம்.

விளக்குக்கும் ஒரு தவம் தேவைப்பட்டது. சிவப்பு எல்.இ.டி. விளக்கை 1962-இல் நிக் ஹோலோன்யாக் கண்டார். ஆனால் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் சேர்ந்தால்தானே எல்லா வர்ணங்களும் பிறக்கும்? பிரகாசமான நீலம் மட்டும் முப்பது வருஷம் அகப்படவில்லை. ஜப்பானில் இஸாமு அகஸாகி, ஹிரோஷி அமானோ ஆகியோர் வழி திறந்தார்கள். டோக்குஷிமா என்ற மூலையில் ஒரு சிறு கம்பெனியில் வேலை பார்த்த ஷுஜி நாகமுரா 1993-இல் அந்தப் பிரகாசத்தைக் கொணர்ந்தார். மூவருக்கும் 2014-இல் நோபல் பரிசு கிடைத்தது. கடையில் நாம் 'ஆர்.ஜி.பி.' என்று அலட்சியமாகச் சொல்லும் மூன்று எழுத்துகளில் கடைசி எழுத்தின் விலை அது!

இவ்வளவு சரித்திரத்தையும் சுமந்துகொண்டு மருமானோடு சென்னை ரிச்சி தெருவுக்குப் போனேன். கடைக்காரர் முதலில் எடுத்து வைத்த கூலர் மின்சாரம் கொடுத்ததும் தேர்த் திருவிழாவாக ஜொலித்தது. பையனின் முகமும் கூடவே ஜொலித்தது. நான் அதைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தேன். அடியில் இரண்டே குழாய்கள். மேலே மெல்லிய தகடுகள்.

"விளக்கை அணைத்துவிட்டால் இதில் என்ன மிச்சம்?" என்று கேட்டேன்.

கடைக்காரர் சிரித்துவிட்டார். நல்ல மனிதர். "தம்பி, உன் பிராசஸர் எத்தனை வாட்? எந்த சாக்கெட்? கேபினெட்டில் எத்தனை மில்லிமீட்டர் உயரம் கொள்ளும்? முதலில் அதைச் சொல்" என்றார். 65 வாட் பிராசஸர். கேபினெட் 160 மில்லிமீட்டர் வரை கொள்ளும். அவன் அதையெல்லாம் காகிதத்தில் குறித்துக்கொண்டு வந்திருந்தான். இரண்டாவதாக வந்தது நான்கு குழாய், 120 மில்லிமீட்டர் விசிறி, 155 மில்லிமீட்டர் உயரம். அதன் விளக்கு தானாக வர்ணம் மாறும். நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. விலை 1,850 ரூபாய். இஷ்டப்படி வர்ணம் மாற்றும் விளக்கு வேண்டுமானால் 5 வோல்ட், மூன்று முனைச் செருகி வேண்டும். அவனுடைய மதர்போர்டில் இருந்ததோ 12 வோல்ட், நான்கு முனை. ஒன்றை மற்றொன்றில் பலவந்தமாகச் செருகினால் விளக்கு கருகிப்போகும் என்று கடைக்காரரே எச்சரித்தார்.

பையன் முதல் கூலரை ஒரு தரம் பார்த்தான். இரண்டாவதைக் கையில் எடுத்தான். நான் வாயைத் திறக்கவில்லை.

வீட்டில் பொருத்தியபோது, அடித்தகட்டில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை உரிக்க மறந்துவிட்டான். நல்லவேளையாக நான் கவனித்தேன். சரித்திரம் படித்ததற்குக் கண்கூடான பலன் அது ஒன்றுதான்! பட்டாணி அளவு பேஸ்டைத் தடவி மாட்டினான். 'கூலர்' என்ற பெயரை நம்பி ஏமாந்துவிடக் கூடாது; அறையில் 36 டிகிரி இருந்தால் பிராசஸர் ஒருநாளும் 36-க்குக் கீழே இறங்காது. முன்பு 100-ஐத் தொட்டுவிட்டு அணைந்த யந்திரம் இப்போது 78-இல் நின்று வேலை செய்தது. ஜன்னலைத் திறந்து வைத்ததும் இன்னும் ஒரு டிகிரி இறங்கிற்று.

அன்றிரவு ஒரு கலியாணம் ஆரம்பம் முதல் கடைசி வரை நிற்காமல் ஓடி, விடியற்காலை நாலு மணிக்கு முடிந்தது. அந்தப் பணத்தில்தான் அவன் பரீட்சைக் கட்டணம் கட்டினான். மேஜையின் கீழே சிவப்பும் பச்சையும் நீலமுமாக மாறி மாறி எரிந்த வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு என் தங்கை, "இது என்ன அண்ணா, வீண் ஆடம்பரம்!" என்று என்னிடம் முறையிட்டாள்.

"எரியட்டும், அம்மா" என்றேன். "விளக்குக்குப் பின்னால் நாலு பேர் உழைக்கிறார்கள்."

எந்த நாலு பேர் என்று அவளுக்குப் புரியவில்லை. பையன் மட்டும் சிரித்துக்கொண்டே அடுத்த கலியாணத்தைத் திறந்தான்.