ஏணிக் கதையும் ஊர்க் கதையும்: வடசென்னை நடுநிலை வகுப்புகளில் ஆசிரியரின் தன்வாழ்வுப் பேச்சு

ஆசிரியர் தம் வாழ்வில் நடந்ததையும் அதைப் பற்றித் தாம் நினைப்பதையும் வகுப்பில் மாணவரிடம் சொல்வதைத் தன்வாழ்வுப் பேச்சு எனலாம். ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் இது நாள்தோறும் நடக்கிறது. பாடத்திட்டத்தில்தான் அதற்கு இடமில்லை. வருகைப் பதிவுக்கும் பாடத்துக்கும் நடுவே கிடைக்கும் சில நிமிடங்களில் சொல்லப்படும் ஒரு செய்தி, பாடம் மறந்துபோன பின்னும் பிள்ளைகள் மனத்தில் தங்கிவிடுவதுண்டு. ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் எனத் துறைமுகத்தையும் ஆலைகளையும் ஒட்டிக் கிடக்கும் வடசென்னை வகுப்பறைகளை முன்வைத்து இக்கட்டுரை வாதிடுவது இதுதான்: ஆசிரியர் எவ்வளவு மனம் திறந்து பேசினார் என்பதைக் கொண்டு இப்பேச்சின் பயனை அளக்க முடியாது. அந்தப் பேச்சு கேட்கும் பிள்ளையின் வீட்டுக்கு என்ன மதிப்புத் தருகிறது, அடுத்துப் பேசும் முறை அந்தப் பிள்ளைக்குக் கிடைக்கிறதா என்ற இரண்டுமே அளவுகோல்.

தமிழ் மரபில் ஆசிரியரின் வாழ்க்கை மாணவருக்கு மறைவாக இருந்ததில்லை. நன்னூல் நல்லாசிரியருக்குரிய தகுதிகளில் உலகியல் அறிவையும் சேர்த்தே சொல்கிறது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்ட உ.வே. சாமிநாதையர், ஆசிரியரின் புலமையோடு அவருடைய பணமுடையையும் உடனிருந்து பார்த்தவர். ‘என் சரித்திரம்’ இரண்டையும் பதிவு செய்கிறது. ஆசிரியரோடு தங்கிப் படித்த காலத்தில் அவர் தம் வாழ்வைத் தனியாக எடுத்துச் சொல்லத் தேவை எழவில்லை. மணியடித்துத் தொடங்கி மணியடித்து முடியும் பள்ளி வந்த பிறகே அது சொல்லித் தெரிய வேண்டியதாயிற்று.

சென்னையிலேயே இதற்கு ஒரு நல்ல சான்று உண்டு. வெஸ்லி பள்ளியில் படித்த திரு.வி. கல்யாணசுந்தரனார் பள்ளி இறுதித் தேர்வை எழுதவில்லை. அருட்பா – மருட்பா வழக்கில் சிக்கிய தம் ஆசிரியர் நா. கதிரைவேற்பிள்ளைக்காக நீதிமன்றம் சென்றதே காரணம். பின்னாளில் அவரே ஆசிரியரானார்; 1918இல் பெரம்பூரில் பின்னி ஆலைத் தொழிலாளரைக் கொண்டு தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தில் முன்னின்றார். 1944இல் வெளிவந்த அவருடைய ‘வாழ்க்கைக் குறிப்புகள்’ இந்த இழப்பை மூடி மறைப்பதில்லை, வெற்றியாக மாற்றிக் காட்டவும் முனைவதில்லை. தேர்வு எழுதாமற்போன ஒருவர் ஆசிரியராகி ஆலைத் தொழிலாளரோடு நின்றார் என்ற செய்தி, பதினொரு வயதுப் பிள்ளைக்கு எந்த அறிவுரையைவிடவும் அதிகம் சொல்லும்.

மேலைநாட்டுத் தொடர்பியல் ஆய்வுகள் இப்பேச்சை 1980களிலிருந்தே அளந்து வருகின்றன. கயானஸ், மார்ட்டின் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 2008இல் அதை மூன்று கூறுகளாகப் பிரித்தனர்: எவ்வளவு பேசுகிறார், பாடத்தோடு அது எவ்வளவு பொருந்துகிறது, எவ்வளவு எதிர்மறையானது. இவற்றுள் பாடப் பொருத்தமே முதன்மையானது என்று கொள்ள இடமுண்டு. ஆனால் இவ்வாய்வுகள் பெரும்பாலும் கல்லூரி மாணவரிடம் நடந்தவை. பதினொன்று முதல் பதின்மூன்று வயது வேறு உலகம். தன்னை எல்லோரும் கவனித்துக்கொண்டே இருக்கிறார்கள், தனக்கு நேர்வது வேறு யாருக்கும் நேராது என்ற இரு எண்ணங்களும் இப்பருவத்தில் ஓங்கியிருக்கும் என்று டேவிட் எல்கைண்ட் 1967இல் விளக்கினார். ‘எனக்கும் இப்படி ஆனதுண்டு’ என்று மதிப்புக்குரிய பெரியவர் ஒருவர் சொல்வது இரண்டாவது எண்ணத்தைத் தளர்த்துகிறது. நடுநிலை வகுப்பில் இப்பேச்சுக்குத் தனி வலிமை வருவது இதனால்தான்.

அதே காரணத்தால் தீங்கும் பெரிது. ஆசிரியர்கள் மிகுதியாகச் சொல்வது ஏணிக் கதை: வீட்டில் வறுமை, விளக்கொளியில் படிப்பு, விடாமுயற்சி, அரசு வேலை, இன்று உங்கள் முன் நிற்கிறேன். சொல்பவரின் நல்லெண்ணத்தில் ஐயமில்லை. அக்கதை பெரும்பாலும் முடியும் இடம்தான் இடறுகிறது: “படிக்கலைன்னா நீயும் மீன் விக்கத்தான் போவணும்.” கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளையின் தாய் அன்று விடியுமுன் காசிமேட்டில் ஏலம் கேட்டு, ஐஸ் செலவும் ஆட்டோ கூலியும் மனக்கணக்காகக் கழித்து, என்ன விலைக்குக் கூறு கட்டினால் கையைக் கடிக்காது என்று முடிவு செய்திருப்பார். எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் ‘வாழ்வியல் கணிதம்’ என்ற தலைப்பில் கற்பிக்கும் இலாப நட்டம் அதுவேதான். தாயின் தொழில் தண்டனை என்று வகுப்பு சொல்லிவிட்டால், அந்தக் கணக்கை வகுப்புக்குள் கொண்டுவர எந்தப் பிள்ளைக்கும் வாய் வராது.

ஏணிக் கதையில் அறிவு சார்ந்த குறையும் உண்டு. தனியொருவரின் உழைப்பே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்று அது சொல்கிறது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. படகில் கூலிக்குப் போகும் தகப்பனின் வருமானம் நிற்பது சோம்பலால் அன்று. ஆண்டுத் தேர்வும் புதிய ஆண்டின் நோட்டுப் புத்தகச் செலவும் அந்த நாட்களை ஒட்டியே வருகின்றன. இதை அறியாத அறிவுரை எவ்வளவு உருக்கமாக இருந்தாலும் பிழையானது.

மாற்றாக நிற்பது ஊர்க் கதை. ஆசிரியரும் பிள்ளைகளும் ஒரே காற்றையும் ஒரே சாலையையும் பகிர்பவர்கள் என்பதிலிருந்து அது பிறக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து வந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர்க் கழிமுகத்தில் படிந்தது. வலையும் படகும் கறுத்தன, மீனவர்கள் வாளியில் எண்ணெயை அள்ளினர். அதே மாதம் 26ஆம் தேதி இரவு கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, பெரியகுப்பம் உள்ளிட்ட எண்ணூர்ப் பகுதி மக்கள் மூச்சுத் திணறி வீடுகளை விட்டு ஓடினர். அப்பகுதியில் வசிக்கும் ஆசிரியர், விடுமுறை முடிந்து வந்ததும் அந்த இரவில் தாம் எதற்கு அஞ்சினார், எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் எப்படி நின்றார் என்று சொல்வது பாடத்திலிருந்து விலகுவதாகாது. அம்மோனியா நீரில் எளிதில் கரையும் என்ற வேதியியல் செய்தி, ஈரத் துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளச் சொல்வது ஏன் என்பதோடு அங்கே சேர்ந்துகொள்கிறது. காற்று வீசும் திசைக்குக் குறுக்கே விலகிப் போவது ஏன் என்பதும் அப்படியே. தம் அச்சத்தை ஒப்புக்கொள்ளும் ஆசிரியரின் முன் பிள்ளைகளும் தங்கள் அச்சத்தைச் சொல்லத் துணிவர். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 29ஆம் பிரிவில், குழந்தை அச்சமின்றித் தன் கருத்தைச் சொல்லத் துணைசெய்வதைப் பாடத்திட்டத்தின் நோக்கங்களுள் ஒன்றாக வைத்திருக்கிறது.

ஆசிரியர் வெளியூர்க்காரராக இருந்தாலும் குறையில்லை. விருதுநகர் கரிசலிலிருந்து மாற்றலாகி வந்தவர், கிணறு வற்றிய கோடையைப் பற்றிச் சொன்னால், கடலையே பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அது புவியியல். பதிலுக்கு அவர்கள் கச்சான் காற்றையும் வாடைக் காற்றையும் அவருக்குச் சொல்லித் தரலாம். இப்படி முறை மாறுவதே மையமானது. நியூசிலாந்தில் மாவோரிக் குழந்தைகளுக்குக் கற்பித்த சில்வியா ஆஷ்டன்-வார்னர், பிள்ளைகள் தாமே கேட்ட சொற்களையே வாசிப்புப் பாடமாக்கியதை 1963இல் எழுதினார். தமிழ்நாட்டில் அறிவொளி இயக்கத்தில் பங்காற்றிய ச. மாடசாமியும் ஆசிரியரின் பேச்சு குறைந்து மாணவரின் குரல் எழும் வகுப்பையே தொடர்ந்து வலியுறுத்தியவர். ஆசிரியர் மூன்று நிமிடம் பேசினால் பிள்ளைகளுக்குப் பதினைந்து நிமிடம் வேண்டும். அதற்கு நேரமில்லாத நாளில் கதையைத் தொடங்காமலிருப்பதே நல்லது.

எல்லைகளும் தேவை. தீராத குடும்பச் சண்டை, கடன், சக ஆசிரியர் மீதான மனக்குறை ஆகியவற்றை வகுப்பில் கொட்டுவது பிள்ளைகளை ஆறுதல் சொல்லும் பொறுப்பில் தள்ளிவிடும். சாதிப் பெருமையும் கட்சிச் சார்பும் வகுப்பைப் பிளக்கும். ஒரு பிள்ளையைத் தனியே அழைத்துச் சொல்லும் அந்தரங்கம் எவ்வகையிலும் ஏற்கத்தக்கதன்று. தன்வாழ்வுப் பேச்சு எல்லோர் காதிலும் விழுமாறு நடக்க வேண்டியது. “மிஸ், எங்க வீட்லயும்…” என்று ஒரு பிள்ளை தொடங்கும்போது, இதை யாரிடமும் சொல்லமாட்டேன் என்று ஆசிரியர் வாக்களிக்கக் கூடாது. பாலியல் வன்முறை பற்றிய செய்தி தெரியவந்தால் அதைக் காவல்துறைக்குத் தெரிவிப்பதை 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு கட்டாயமாக்குகிறது. தவறினால் 21ஆம் பிரிவின்படி தண்டனை உண்டு. குழந்தைகள் உதவி எண் 1098, கல்வி உதவி எண் 14417 இரண்டும் வகுப்புச் சுவரில் பிள்ளைகளின் கண்மட்டத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். ஆசிரியர் தம்மைப் பற்றிப் பேசத் தொடங்குமுன், தாம் எதைக் காப்பாற்றி வைக்க முடியும், எதை வெளியே சொல்லியாக வேண்டும் என்பதைப் பிள்ளைகளுக்குப் புரியும் சொற்களில் சொல்லிவிடுவது முதல் வேலை.