தட்டில் முட்டை வந்த கதை

பள்ளிப் பிள்ளைகளுக்குச் சோறு போடுவது தமிழ்நாட்டில் 1920லேயே தொடங்கிவிட்டது. நீதிக்கட்சியின் பிட்டி தியாகராயர் காலத்தில், சென்னை ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில். பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேல் செலவாகக் கூடாது என்பது அன்றைய கணக்கு. 1956இல் காமராசர் அதை மாநிலமெங்கும் கொண்டுசென்றார். 1982 ஜூலை 1 அன்று திருச்சி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். ஒவ்வொரு கட்டத்திலும் பெரிய கவலை பசிதான். அரிசி வந்தது, பருப்பும் காயும் எண்ணெயும் வந்தன. முட்டை வரவில்லை.

1989இல் ஆட்சி மாறியது. முந்தைய ஆட்சியின் திட்டத்தைக் கிடப்பில் போடுவது அரசியலில் சர்வசாதாரணம். கருணாநிதி அதைச் செய்யாமல், அதே தட்டில் இரண்டு வாரத்துக்கு ஒரு வேகவைத்த முட்டையை வைத்தார். இன்று கேட்டால் சொற்பமாகத் தெரியும். ஆனால் வயிற்றை நிரப்புவதோடு நின்றிருந்த அரசு, உடம்பை வளர்க்கவும் பொறுப்பேற்றது அன்றுதான் என்பேன்.

1998இல் வாரம் ஒன்று. 2006இல் இரண்டு, அடுத்த ஆண்டு மூன்று. 2010இல் பள்ளி நாள் ஐந்துக்கும் ஐந்து. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். பிறகு ஜெயலலிதா ஆட்சியில் கலவை சாதங்களோடு மிளகு முட்டை, வெங்காய மசாலா முட்டை என்று ருசியும் சேர்ந்தது.

ஏன் முட்டை? ஒன்றில் ஏறத்தாழ ஆறு கிராம் புரதம். 2001இல் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்கும் பள்ளிச் சாப்பாட்டைக் கட்டாயமாக்கியபோது, எட்டு முதல் பன்னிரண்டு கிராம் புரதம் வேண்டும் என்றது. அதில் பாதியாவது ஒரே முட்டையில் வந்துவிடும். இன்னொரு காரணம் எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுகிறது. சாம்பாரில் தண்ணீரைக் கூட்டலாம், பருப்பில் கைவைக்கலாம். சாப்பிடும் பிள்ளைக்குத் தெரியாது. முட்டையைத் தண்ணீர் ஊற்றிப் பெருக்க முடியாது. சத்துணவு அமைப்பாளர் வருகைப் பதிவைப் பார்த்து அட்டையிலிருந்து எண்ணி எடுத்துத் தருகிறார், சமையலர் அவிக்கிறார், உதவியாளர் அம்மா உட்கார்ந்து ஒவ்வொன்றாக உரிக்கிறார். ஓட்டின் மேல் அரசு முத்திரை இருக்கும், வெளிச்சந்தைக்குப் போனால் காட்டிக்கொடுக்க. தன் தட்டில் முட்டை விழுந்ததா இல்லையா என்பது ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். விழாவிட்டால் வீட்டில் போய்ச் சொல்லும்.

ஆனால் இந்தத் தட்டு பத்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. அதே அரசுப் பள்ளி வளாகத்தில் பதினொன்றாம் வகுப்புக்குப் போகும் பெண், நேற்றுவரை கிடைத்த முட்டையை இழக்கிறாள். உடம்புக்கு இரும்பும் புரதமும் அதிகம் தேவைப்படும் வயது அது. இரண்டு வாரத்துக்கு ஒன்றை ஐந்து நாளுக்கு ஐந்தாக்கிய அரசால், இன்னும் இரண்டு வகுப்புகளுக்குக் கொடுக்க முடியும். கொடுக்க வேண்டும்.