யூபிலி: கொம்பொலியிலிருந்து வெள்ளி விழா வரை

பள்ளிக்கு 25 ஆண்டு நிறைந்தால் வெள்ளி விழா; 50 நிறைந்தால் பொன் விழா. திரைப்படம் 25 வாரம் ஓடினாலும் வெள்ளி விழாவே. இவற்றையெல்லாம் ஆங்கிலத்தில் ‘ஜூபிலி’ என்கிறோம். மாணவர்க்கும் ‘விழா’ என்றே பொருள் சொல்லிவிடுகிறோம். ஆயின் இச்சொல் முதலில் குறித்தது கடன்பட்டவனின் விடுதலையையே.

எபிரெய மொழியில் ‘யோபேல்’ என்பது ஆட்டுக்கடாவையும் அதன் கொம்பையும் குறிக்கும். விவிலியத்தில் லேவியராகமம் 25ஆம் அதிகாரம் யூபிலி ஆண்டின் விதிகளைக் கூறுகிறது. ஏழேழு 49 ஆண்டுகள் கழிந்தபின், 50ஆம் ஆண்டில் கொம்பு ஊதப்படும். வறுமையால் விற்ற நிலம் உரியவனிடம் திரும்பும். தன்னையே விற்றவன் பிள்ளைகளோடு தன் குடும்பத்தாரிடம் மீள்வான். ஆகவே நிலத்தை எவரும் அறுதியாக விற்க இயலாது. அடுத்த யூபிலி வரை எத்தனை விளைச்சல் உண்டோ அத்தனைக்கே விலை. நம் வழக்கில் அது கிரயமன்று, குத்தகை. கடன் கழியாமல் ஊர் திரும்ப முடியாதிருந்த தோட்டத்துப் பாட்டன்மாரின் கதையை அறிந்தவர்க்கு இவ்விதியின் அருமை விளங்கும். ஆனால், அயலாரான அடிமைகளுக்கு இவ்விடுதலை இல்லை என்பதையும் மறைத்தல் ஆகாது.

இச்சொல் இலத்தீனுக்குச் சென்றபோது, ஆரவாரித்தலைக் குறிக்கும் ‘யூபிலாரே’ என்னும் வினையின் சாயல் அதில் ஏறிற்று. கொம்பு மறைந்தது, ஆரவாரம் நின்றது. 1300இல் போப்பாண்டவர் எட்டாம் போனிபாஸ் உரோமையில் புனித ஆண்டு அறிவித்தார். அதில் தள்ளுபடியானது கடனன்று, பாவத்திற்குரிய தண்டனை. பின்னர் இச்சொல் அரசர்தம் ஆட்சியாண்டுகளை எண்ணப் பயன்பட்டது. விக்டோரியா அரசிக்கு 1887இல் பொன் விழா, 1897இல் வைர விழா. 1935இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வெள்ளி விழாவுக்கு நீரிணைக் குடியேற்ற நாடுகளிலும் அஞ்சல் தலை வெளியாயிற்று.

பழம்பொருளை மறவாது காத்தவர்கள் அமெரிக்கக் கறுப்பின அடிமைகள். மூல விதியில் அயலாராய் நின்றிருக்க வேண்டியவர்கள், தம் விடுதலை நாளையே யூபிலி என்றழைத்தனர். 1871இல் நாஷ்வில் நகரத்து ஃபிஸ்க் கல்விச்சாலைக்கு நிதி திரட்டப் பாடிப் புறப்பட்ட மாணவர் குழுவிற்கு ‘ஜூபிலி பாடகர்’ என்றே பெயர். அவர்களுட் பெரும்பாலோர் முன்னாள் அடிமைகள். ஏழை நாடுகளின் கடனை நீக்கக் கோரி 1990களில் எழுந்த இயக்கமும் ‘ஜூபிலி 2000’ என்னும் பெயரையே பூண்டது.

தமிழ் விவிலியம் இச்சொல்லை ‘விழா’ என்று பெயர்க்காமல், ‘யூபிலி’ என்றே எழுதிற்று.